ஒலித்தரம்: ஐந்துக்கு ஐந்து

குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் மதிப்பிடலாம். காதால் கேட்டுப் படிக்கிற புத்தகத்தை மட்டும் மதிப்பிட முடியாது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற மூன்று வருஷமும் ஒரு பெண் பிள்ளையின் இரண்டு அரியரும் ஆகியிருக்கிறது. பத்தொன்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்.

என் பெயர் அனுசியா. தென்காசியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. அதாவது, பாடத்தை வைப்பதும் நாங்களே, கேள்வித்தாள் எடுப்பதும் நாங்களே, திருத்துவதும் நாங்களே. பி.ஏ. ஆங்கிலப் பிள்ளைகளுக்கு லிசனிங் என்று ஒரு தாள் உண்டு. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அதில் கேட்டதை வைத்துக் கேள்வி கேட்போம். அதற்கு எந்தப் புத்தகம் வைக்கலாம் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு குழு கூடும். எங்கள் துறைத் தலைவர் கணேசமூர்த்தி சார், நான், வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவர், அவ்வளவுதான் குழு. இந்த முறை வெளியாளாக ஆலங்குளத்துப் பக்கமிருந்து ஷாரோன் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கெட்டிக்காரி. எங்கள் இருவரையும்விடக் குறைவாகப் பேசுவாள்.

குழு கூடுவது எப்போதும் ஜூலையில்தான், எப்போதும் குற்றாலத்தில்தான். கல்லூரியில் அறை இல்லாமலா? சீசன் நேரத்தில் ஒரு மனிதரை வரவழைத்து, தென்காசியில் அடைத்து வைத்தால் அடுத்த தடவை யார் வருவார்கள்? கணேசமூர்த்தி சார் மெயின் அருவிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மாடி அறை பிடித்துவிடுவார். காலையில் ஒரு குளியல், பிறகு மதிப்பீடு, சாயங்காலம் ஐந்தருவியில் இன்னொரு குளியல், அப்படியே புளியறைப் பக்கம் போய்ப் பரோட்டா. நிகழ்ச்சி நிரலில் மதிப்பீடு மட்டும்தான் எழுதியிருக்கும்.

அந்த அறையில் ஜன்னலைச் சாத்தினாலும் சரி, திறந்தாலும் சரி, அருவிச் சத்தம் ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே ஏழு புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு ஸ்பீக்கரையும் வைத்தோம். ஸ்பீக்கரில் யாரோ பேசினார்கள் என்பது அதன் மேல் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது. மதிப்பீட்டுப் படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள். பதினேழாவது கட்டம் ஒலித்தரம். என்ன போட என்று நான் கேட்டேன். கணேசமூர்த்தி சார் தலையில் எண்ணெய் வழிய நின்றுகொண்டு, அஞ்சு போடுங்க மேடம், கம்பெனிக்காரன் நல்லாத்தான் பதிஞ்சிருப்பான் என்றார். போட்டேன். என் கையெழுத்து குண்டு குண்டாக, யாருக்கும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கும். அதில் ஐந்துக்கு ஐந்து.

ஏழில் பச்சை அட்டைப் புத்தகம் ஜெயித்தது. ஒல்லியாக இருந்தது. ஒலிப்பதிவில் உள்ள பேச்சு முழுவதும் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருந்தது. விடைகளும் தனியாக வந்துவிட்டன. வேறென்ன வேண்டும்?

எங்கள் லேப் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு ஹெட்போன் இருக்கிறது, பதினொன்று வேலை செய்கிறது, அதில் நான்கு ஒரு காதுக்குத்தான் கேட்கும். அதனால் வகுப்பில் நாங்கள் ஒலிப்பதிவைப் போடுவதே இல்லை. கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்போம். நான் நன்றாக வாசிப்பேன். ஆண் குரல், பெண் குரல், ரயில்வே அறிவிப்புக் குரல் எல்லாம் வரும். பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதும். அதையே நெட்டுருப் போடும். பரீட்சையன்று மட்டும் லேப் அட்டெண்டர் பெரிய ஸ்பீக்கரில் ஒலிப்பதிவைப் போடுவார். அப்போது நான் வராந்தாவில் உட்கார்ந்து வேறு தாள் திருத்திக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு என்று மார்க் வரும். லிசனிங்கில் எங்கள் கல்லூரி நூற்றுக்கு நூறு என்று ஆண்டு மலரில்கூடப் போட்டார்கள்.

வள்ளித்தாய் வந்துதான் அந்த நூறைக் கெடுத்தாள்.

கடையத்துப் பிள்ளை. காலை ஆறே முக்கால் பஸ்ஸில் வருவாள். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறாள். மற்ற எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு. லிசனிங்கில் ஐம்பதுக்குப் பதினான்கு. இருபது எடுத்தால் பாஸ். இரண்டாவது தடவை எழுதினாள், பன்னிரண்டு. என்ன பிள்ளை இது, ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறதே என்று எனக்குக் கோபம். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

“ஏட்டி, உனக்குக் காதுல ஏதும் கோளாறா? போயி ஒரு டாக்டர்ட்ட காட்டு.”

வகுப்பு சிரித்தது. நான் அடுத்த நிமிஷம் மறந்துவிட்டேன். நாலு பேரை அப்படி ஏசாமல் ஒரு நாள் போகிறதா எனக்கு?

அவள் மறக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே கருவியெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது குற்றாலம் போவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை. அன்றைக்கு அவள் துறை அறைக்கு வந்து என் மேஜைப் பக்கம் நின்றாள். கையில் தன் இரண்டு விடைத்தாள்களின் நகல். கட்டணம் கட்டினால் பிள்ளைகள் நகல் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு மூன்றாவது தடவை பரீட்சை. பி.எட். சேர்க்கை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இந்த ஒரு தாள் தேறாவிட்டால் டிகிரி இல்லை, டிகிரி இல்லாவிட்டால் சீட் இல்லை. எதில் தப்பு என்று மட்டும் சொல்லுங்கள் மேம் என்றாள். என் மேஜையில் நாற்பது பேப்பர் கிடந்தது. எனக்கு சைனஸ் வேறு. விடையெல்லாம் புத்தகத்தின் கடைசியில் அச்சாகியிருக்கிற பேச்சிலேயே இருக்கிறது, போய் நெட்டுருப் போடு என்றேன்.

“படிச்சிருக்கேன் மேம். ஆனா ஆடியோவுல வேற மாதிரில்லா வருது.”

வேற மாதிரி வருகிறது என்றால் அது உன் காது என்று சொல்லிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

“எங்கம்மை இப்பல்லாம் எனக்கு வலது பக்கமா வந்து நின்னுதான் பேசுதா மேம். அதும் சத்தமா. தெருவுக்கே கேக்கும்.”

டாக்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாரே என்றேன். டாக்டர் சொன்னதை அம்மா நம்பவில்லையாம். டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்தார், உன் டீச்சர் மூணு வருஷமாப் பாக்காங்க, அவங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாளாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நகலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பார்க்கிறேன் போ என்றேன். பார்க்கிற எண்ணமே எனக்கு இல்லை.

மறுநாள் குற்றாலம். நல்ல சாரல். மேலே மழை பெய்து வெள்ளம் வந்து, மெயின் அருவியில் காலையிலிருந்தே குளிக்க விடவில்லை. கணேசமூர்த்தி சார் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. மறுபடியும் ஏழு புத்தகங்கள், மறுபடியும் இருபத்திரண்டு கட்டங்கள். ஏழில் ஒன்று அதே பச்சை அட்டை. நீட்டிப்புக்கு வந்திருந்தது.

இந்தப் புத்தகங்களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரு விமான நிலையம் வரும். எல்லாவற்றிலும் யாராவது குடையைத் தொலைப்பார்கள். ஒரு புத்தகத்தில், நீங்கள் கடைசியாகப் பனிச்சறுக்கு விளையாடப் போனதைப் பற்றி உங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள் என்று ஒரு பயிற்சி. எங்கள் பிள்ளை என்ன சொல்லும்? கடையம் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு வந்ததைச் சொல்லும். பாடம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா என்று ஒன்பதாவது கட்டம் கேட்டது. மூன்று போட்டேன். ஏன் மூன்று என்று கேட்டால் பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மூன்று போட்டுக்கொண்டே வந்தால் கை வலிக்காது.

பதினோரு மணிவாக்கில் கீழே போலீஸ்காரர் விசில் ஊதுவது நின்றது. தண்ணீர் குறைந்துவிட்டது, விடுகிறார்கள் என்று லாட்ஜ் பையன் வந்து சொன்னதுதான் தாமதம், சார் போய்விட்டார். ஷாரோனும் மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். எனக்குத் தலையில் நீர் கோத்திருந்தது, நான் வரவில்லை என்றேன். அறையில் ஏழு புத்தகங்களும் நானும்தான்.

கைக்குட்டை எடுக்கப் பையில் கையை விட்டபோது வள்ளித்தாயின் நகல் வந்தது. அம்மாக்காரி வலது பக்கம் நின்று கத்துவது ஞாபகம் வந்தது. சரி, ஒரு தடவைதான் பார்ப்போமே என்று ஷாரோன் மேஜையில் விட்டுப்போன இயர்போனை என் போனில் சொருகி, பச்சை அட்டையோடு வந்திருந்த ஒலிப்பதிவைப் போட்டேன். அருவிச் சத்தத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த அறையிலேயே சத்தம் குறைவான இடம் குளியலறைதான், அதற்கு அருவிப் பக்கம் ஜன்னல் கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் முதலாக ஒரு லிசனிங் புத்தகத்தைக் காதால் கேட்டேன்.

ஆறாவது பாடம். ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு ஒருத்தி போன் பண்ணுகிறாள். வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு, பதினொன்றாம் எண் அறை. நானே நூறு தடவை வாசித்தது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் காதில் கேட்டது புதன்கிழமை, பத்து இருபது, நான்காம் எண் அறை. நிறுத்தினேன். மறுபடி போட்டேன். புதன்கிழமைதான். மூன்றாவது தடவையும் புதன்கிழமைதான். அந்தப் பெண் பெயர்கூட வேறு.

மடியில் கிடந்த நகலைப் பார்த்தேன். புதன்கிழமை, பத்து இருபது, நான்காம் எண் அறை. சின்னச் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தாள் வள்ளித்தாய். மேலே என் சிவப்புக் கோடு.

ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். பன்னிரண்டு பாடத்தில் எட்டில் ஒலிப்பதிவு ஒன்று சொல்கிறது, அச்சு ஒன்று சொல்கிறது. முதல் பக்கத்தைத் திருப்பினால் திருத்திய இரண்டாம் பதிப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அச்சைத் திருத்தியவர்கள் ஒலிப்பதிவை அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று வருஷமாக எங்கள் பிள்ளைகள் ஸ்பீக்கர் ஒன்று சொல்ல, நெட்டுருப் போட்ட வேறொன்றை எழுதி நாற்பத்திரண்டு வாங்கியிருக்கிறார்கள். உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டவள் ஒருத்திதான், அவளுக்குப் பதினான்கு. இரண்டாவது தடவை இன்னும் கவனமாகக் கேட்டிருக்கிறாள், அதனால் பன்னிரண்டு. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயமாகவும் இருந்தது. வாளியிலிருந்து எழுந்திருக்கவே தோன்றவில்லை.

முதலில் வந்தவள் ஷாரோன். ஈரத்தலையோடு நின்றவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் கல்லூரியிலும் அதே புத்தகம்தான். அவள் திடுக்கிடவில்லை.

“தெரியும்க்கா. போன வருசம் எங்க பிள்ளைங்க ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. புக்ல உள்ளத எழுதுங்கன்னு சொல்லிட்டேன்.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தேன். யாரிடம் சொல்ல என்று அவள் திருப்பிக் கேட்டாள். என்னிடம் ஒரு பிள்ளை சொன்னது, நான் என்ன கிழித்தேன்?

கணேசமூர்த்தி சார் வந்து, குளியலறையில் நின்றபடி முழுவதையும் கேட்டார். தலை துவட்டுகிற கை நின்றுவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. பதினைந்து வருஷமாகத் துறையை இழுத்துக்கொண்டு போகிற மனுஷர், அடுத்த மே மாதம் ஓய்வு. இயர்போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மூன்று வருஷ ரிசல்ட், பாஸான அத்தனை பிள்ளைகள், எல்லாவற்றையும் தோண்டுவார்கள் மேடம் என்றார். படிவத்தைத் தேடி எடுப்பார்கள், பதினேழாம் கட்டத்தில் யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள் என்றார். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார்.

“அந்தப் பிள்ளைய புக்ல உள்ளத எழுதச் சொல்லுங்க. செவ்வாக்கிழம பாஸாயிரும். புக்கயும் இந்த வருசத்தோட தூக்கிருவோம். அட்டை சரியில்லன்னு எழுதிக்கலாம்.”

சரிதானே என்று தோன்றியது. பிள்ளைக்கு டிகிரி வந்துவிடும், புத்தகமும் போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஆறுதலாகவே இருந்தது. களைத்துப்போன மனுஷிக்கு யாராவது ஒரு வழியைக் காட்டினால் போதும்.

பால்கனியில் நின்று வள்ளித்தாய்க்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமை ஆடியோவைக் கவனிக்காதே, புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதிவிடு என்று சொன்னேன்.

“அப்போ நான் கேட்டது சரியா மேம்?”

அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வை என்று சொல்லிப் போனைக் கட் பண்ணினேன். எனக்கு நன்றாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை லேப்பில் இருபத்தாறு பேர், வள்ளித்தாயோடு, முதல் தடவை எழுதுகிற ஜூனியர் பிள்ளைகளும் சேர்த்து. இந்தத் தடவை நான் வராந்தாவில் உட்காரவில்லை. உள்ளேயே நாற்காலி போட்டுக்கொண்டேன். அட்டெண்டர் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். வந்தது அதே ஆறாவது பாடம். புதன்கிழமை என்று ஸ்பீக்கர் சொல்ல, குனிந்த தலைகள் வெள்ளிக்கிழமை என்று எழுதிக்கொண்டிருந்தன. யாருக்கும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இதைத்தானா இத்தனை வருஷம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நடத்தினேன்?

வள்ளித்தாய் இரண்டாவது வரிசையில் இருந்தாள். பதிவு பாதி ஓடுவதற்குள் எழுதி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த பதிவுக்கும் அப்படியே. மூன்றாவதற்கும் அப்படியே. எல்லாம் முடிந்து அட்டெண்டர் ஸ்பீக்கரை அணைத்து, பேப்பரைக் கட்டுங்க என்று சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள், அவள் மட்டும் எழவில்லை. பக்கத்துப் பிள்ளை தோளைத் தட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள். நான் கிட்டே போனேன். முடியை இழுத்துவிட்டு மூடியிருந்தாலும் தெரிந்தது. இரண்டு காதிலும் பஞ்சு.

விடைத்தாளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, எட்டே முக்கால், பதினொன்றாம் எண் அறை. ஒரு தப்பில்லை. நாற்பத்தைந்துக்குக் குறையாது. காதில் விழுந்தால் கை அதைத்தான் எழுதும் என்று பயந்து பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சொன்னபடியே செய்திருக்கிறாள். இந்தக் கல்லூரியிலேயே நல்ல காது அது. அதை அடைக்கச் சொன்னவள் நான்.

அவள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னேன், “நீ கேட்டது சரிதான்டி. ரெண்டு தடவையும்.”

என் வாய் அசைவதை மட்டும் பார்த்தாள் அவள். ஒவ்வொரு காதாகப் பஞ்சை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“என்ன சொன்னீங்க மேம்?”

பேப்பர்க் கட்டை வாங்கிப்போக கணேசமூர்த்தி சார் வாசலில் வந்து நின்றிருந்தார். வெளியே போக எழுந்த பிள்ளைகள் சாரைப் பார்த்ததும் அப்படியே நின்றன. மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒண்ணுமில்லை, போ என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. இங்கே அருவி இல்லை, கேட்கவில்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலை எடுத்துச் சொன்னேன்.

“வள்ளித்தாய், நீ ரெண்டு தடவையும் கேட்டு எழுதினது சரி. புத்தகந்தான் தப்பு. அந்தப் புத்தகத்த நான் ஒரு தடவகூடக் கேக்காம அஞ்சு மார்க் போட்டேன்.”

இருபத்தாறு தலையும் திரும்பின. சார் கண்ணை மூடிக்கொண்டார். இனி மெமோ வரும், விசாரணை வரும், பழைய படிவமெல்லாம் வெளியே வரும். வரட்டும். அந்த நேரம் அவள் முகத்தைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஏசுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை.

“அத எழுதித் தாங்க மேம்.”

தேர்வுத் துறைக்கா, பழைய மார்க்கைத் திருத்த மனுப் போடப்போகிறாயா என்று கேட்டேன். நியாயம்தான், நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

“எங்கம்மைக்கு. தமிழ்ல எழுதுங்க.”

பையில் தேடியபோது குற்றாலத்தில் நிரப்பாமல் மிச்சம் வைத்த, பச்சை அட்டைப் புத்தகத்துக்கான மதிப்பீட்டுப் படிவம்தான் அகப்பட்டது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். ‘கடையம் வள்ளித்தாய்க்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. கோளாறு என்று நான் சொன்னது தப்பு.’ கீழே பெயர், பதவி, தேதி. பத்தொன்பது வருஷமாக ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய கை; கையெழுத்தின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் போட்டு, அடித்துவிட்டுத் தமிழில் போட்டேன்.

அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். மடிக்கப் போனவள் மறுபடி நீட்டினாள்.

“சீல் வச்சிருங்க மேம். இல்லன்னா அம்மை நம்ப மாட்டா.”

துறை சீல் எப்போதும் கணேசமூர்த்தி சாரின் பையில்தான் இருக்கும். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, தாளை வாங்கி, முன்பக்கத்தைத் திருப்பி எந்தப் படிவம் என்று பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பையைத் திறந்து சீலை எடுத்து, மை காய்ந்திருந்ததால் வாயால் ஊதி, என் கையெழுத்தின் மேல் அழுத்தி வைத்தார்.